வெறுங்காலுடன் உலகைச் சுற்றிய சிறுவன்

நுழையும்முன்

ஒரு மொழியில் பிறந்த படைப்பு வேற்றுமொழிக்குச் செல்லும்போது சொற்கள் மட்டுமே மாறுகின்றன என்று பலரும் கருதுவர். படங்களால் ஆன கதையென்றால் மாற்ற வேண்டியவை இன்னும் குறைவு என்றே தோன்றும். அக்கதை கொடிய வன்முறைக் காட்சிகளைக் கொண்டதாயின் என்செய்வது? எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை எந்த அளவுகோலால் முடிவுசெய்வது? ஹிரோசிமாவின் அழிவைக் கூறும் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றின் பயணத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மங்கா என்னும் கலைவடிவம்

ஜப்பானியர் தம் மொழிச் சித்திரக்கதைகளை ‘மங்கா’ என அழைக்கின்றனர். அவை பெரும்பாலும் வார, மாத இதழ்களில் தொடராக வெளிவந்து, பின்னர் நூல்வடிவம் பெறுகின்றன. சிறுவர், சிறுமியர், இளைஞர், பெரியோர் என ஒவ்வொரு பிரிவினர்க்கும் தனித்தனி இதழ்கள் உண்டு. சில பக்கங்கள் வண்ணத்தில் அமைவதுண்டு எனினும், மங்காவின் இயல்பான தோற்றம் கறுப்பு வெள்ளையே ஆகும்.

ஜப்பானிய மொழியை மரபுமுறையில் எழுதும்போது எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கும். வரிகள் வலமிருந்து இடமாக அடுக்கப்படும். மங்காவின் கட்டங்களும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றன. எனவே, தமிழ் நூலில் கடைசிப் பக்கம் அமையும் இடத்தில் மங்காவின் முதற்பக்கம் அமைகிறது. பாத்திரங்களின் உரையாடலைத் தாங்கும் பேச்சுக்குமிழ்களும் எழுத்தின் போக்கிற்கேற்ப உயரமாகவும் குறுகலாகவும் வரையப்படுகின்றன. படமும் எழுத்தும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், மங்காவை மொழிபெயர்ப்போர் சொல்லை மாற்றத் தொடங்கிய உடனேயே படத்திலும் கைவைக்க வேண்டிய நிலைக்கு உள்ளாகின்றனர்.

கண்டவர் வரைந்த கதை

1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு ஹிரோசிமா நகரின்மீது அமெரிக்கா அணுகுண்டை வீசியது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் உயிரிழந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அப்போது ஆறு வயதுச் சிறுவனாக இருந்த கெய்ஜி நகசவா (1939–2012), தாம் பயின்ற பள்ளியின் வாயிலருகே நின்றிருந்தார். பள்ளியின் கற்காரைச் சுவர் அனல்வீச்சிலிருந்து அவரைக் காத்தது. அவருடைய தந்தை, அக்கா, தம்பி ஆகிய மூவரும் அன்றே மாண்டனர். அதே நாளில் அவருடைய தாய் ஒரு பெண்மகவை ஈன்றார். அக்குழந்தையும் சில மாதங்களில் இறந்தது.

பின்னாளில் டோக்கியோவில் சித்திரக்கதை ஓவியராக வாழ்ந்த நகசவா, நெடுங்காலம் அணுகுண்டைப் பற்றி எதுவும் வரையவில்லை. குண்டுவீச்சில் பிழைத்தோரைச் சமூகம் ஒதுக்கிவைத்த காலம் அது. 1966இல் அவருடைய தாய் இறந்தார். உடலை எரியூட்டியபின் எலும்புகளைச் சேகரித்துக் கலத்தில் இடுவது ஜப்பானியர் வழக்கம். தாயின் சாம்பலில் சிறு துணுக்குகளைத் தவிர எடுப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. கதிரியக்கம் தாயின் எலும்பையும் தின்றுவிட்டது என்று நகசவா எண்ணினார். அந்தச் சினமே அவரை வரையத் தூண்டியது. 1972இல் ‘நான் பார்த்தேன்’ என்னும் பொருள்படும் தன்வரலாற்றுக் கதையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் இதழில் ‘ஹதஷி நோ கென்’ என்னும் தொடரைத் தொடங்கினார். இத்தலைப்பிற்கு ‘வெறுங்கால் கென்’ என்பது பொருள். பின்னர் வேறு இதழ்களிலும் தொடர்ந்த இக்கதை பத்துத் தொகுதிகளாக நிறைவு பெற்றது.

கதைத்தலைவன் கென், நகசவாவின் மறுவடிவம் ஆவான். போரை எதிர்த்துப் பேசும் அவனுடைய தந்தையை ஊரார் நாட்டுத்துரோகி எனத் தூற்றுகின்றனர். குண்டு விழுந்தபின், இடிந்த வீட்டினடியில் சிக்கிய தந்தையையும் உடன்பிறந்தோரையும் மீட்க முடியாமல் கென் தவிக்கிறான். தீ அவர்களை அவன் கண்முன்னே சூழ்கிறது. தோல் உரிந்து தொங்கக் கைகளை முன்னே நீட்டியபடி நடக்கும் மனிதர்களும், ஆற்றில் மிதக்கும் பிணங்களும், புண்களில் நெளியும் புழுக்களும் பக்கம் பக்கமாக வரையப்பட்டுள்ளன. பசி, நோய், புறக்கணிப்பு ஆகியவற்றினூடே, மிதிபட்டும் நிமிரும் கோதுமைப்பயிர் போலக் கென் வளர்கிறான்.

இக்காட்சிகள் மிகைப்படுத்தப்பட்டவை என எண்ணுதல் கூடாது. படிக்கும் சிறுவர் வெறுத்து விலகிவிடாதிருக்க, தாம் கண்டவற்றின் கடுமையைக் குறைத்தே வரைந்ததாக நகசவா கூறியுள்ளார். ஆகவே, இக்கதையை வாசகருக்கேற்ப முதன்முதலில் தகவமைத்தவர் அதன் ஆசிரியரே எனலாம்.

தன்னார்வலர் கைகளில்

போருக்குப்பின் ஜப்பானை ஆண்ட நேசநாட்டுப் படையினர் 1945 செப்டம்பரிலேயே இதழ்களுக்குத் தணிக்கை விதித்தனர். அணுகுண்டின் விளைவுகளைப் பற்றிய செய்திகளும் படைப்புகளும் அதனால் தடைப்பட்டன. குண்டை வீசிய நாட்டு மக்களோ, வானில் எழுந்த புகைக்காளானின் ஒளிப்படத்தையே பெரிதும் அறிந்திருந்தனர். அதன்கீழ் இருந்தோரின் முகங்களை அறிந்திலர். கென்னின் கதையை ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்வதன் தேவை இங்கிருந்தே எழுந்தது.

1976இல் அமெரிக்காவின் குறுக்கே நிகழ்ந்த அமைதி நடைப்பயணத்தில் ஜப்பானியர் சிலரும் பங்கேற்றனர். அப்பயணத்தின் தூண்டுதலால் டோக்கியோவில் ‘புராஜெக்ட் கென்’ என்னும் தன்னார்வக் குழு உருவாயிற்று. ஜப்பானியரும் பிற நாட்டினரும் அதில் இணைந்து உழைத்தனர். 1978இல் முதல் தொகுதி ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் நூலாக வந்த தொடக்ககால மங்காக்களுள் இதுவும் ஒன்று. பத்துத் தொகுதிகளும் முழுமையாக ஆங்கிலம் பெற மேலும் கால்நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2004இல் வெளிவரத் தொடங்கிய புதிய மொழிபெயர்ப்பே அதனை நிறைவேற்றியது. எஸ்பெராண்டோ, ஜெர்மன் உள்ளிட்ட வேறு மொழிகளிலும் இக்கதை வெளிவந்துள்ளது.

கண்ணாடியில் தெரியும் பக்கங்கள்

வலமிருந்து இடமாகச் செல்லும் கட்டங்களை, இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியோருக்கு எவ்வாறு அளிப்பது என்பது மொழிபெயர்ப்பாளர் சந்தித்த முதற்சிக்கல். தொடக்ககால ஆங்கிலப் பதிப்புகள் பக்கங்களைக் கண்ணாடியில் காண்பதுபோல இடவலம் மாற்றி அச்சிட்டன. வாசகருக்கு இது எளிது, படத்துக்கோ இழப்பு. வலக்கையர் அனைவரும் இடக்கையர் ஆகிவிடுவர். கடைப்பலகைகளின் எழுத்துகளும் இடவலம் மாறித் தோன்றும் என்பதால் அவற்றைத் தனியே திருத்த வேண்டும்.

இவற்றினும் நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. ஜப்பானியர் தம் மரபுடையான கிமோனோவை அணியும்போது இடப்பக்க மடிப்பு வலப்பக்க மடிப்பின்மேல் வருமாறு உடுத்துவர். பிணத்திற்கு உடுத்தும்போது மட்டும் அவ்வரிசை மாறும். படத்தை இடவலம் மாற்றினால், உயிரோடிருப்பவர் அனைவரும் இறந்தோர் உடையில் தோன்றுவர். சாவும் வாழ்வும் அருகருகே நிற்கும் கதையில் இது சிறு பிழையன்று. இக்குறியீட்டை அயல்நாட்டு வாசகர் உணரமாட்டார். ஆனால் வரைந்தவர் உணர்வார்.

இவ்விழப்புகளைக் கருதிப் பிற்காலத்தில் பல பதிப்பகங்கள் பக்கங்களைத் திருப்பாமல் மூலத்தின் ஒழுங்கிலேயே வெளியிடத் தொடங்கின. 2000க்குப் பின் ஆங்கிலத்தில் இம்முறையே பெருவழக்காயிற்று. வலமிருந்து இடமாகப் படிக்கும் முறையை ஒரு பக்க விளக்கத்தைக்கொண்டே இளம் வாசகர் எளிதில் கற்றுக்கொண்டனர். வாசகருக்குக் கடினம் என்று முன்கூட்டியே கருதி மாற்றப்பட்டவற்றுள் சில, மாற்றப்பட வேண்டியவையே அல்ல என்பதை இது காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஹிரோஅகி சமுரா வரைந்த ‘முகென் நோ ஜூனின்’ (1993–2012) வாட்போர்க் காட்சிகள் நிறைந்த மங்கா ஆகும். அதன் தலைவனான மஞ்சி, பௌத்தச் சின்னமான ஸ்வஸ்திகத்தைத் தன் ஆடையில் தாங்கியவன். பக்கத்தை இடவலம் மாற்றினால் அச்சின்னத்தின் திசை மாறி, நாஜிகளின் சின்னம்போல் தோன்றும். அமெரிக்கப் பதிப்பாளர் பக்கத்தைத் திருப்பாமல், பெரும்பாலும் கட்டங்களைத் தனித்தனியே வெட்டி எடுத்து, இடமிருந்து வலமாகச் செல்லும் ஒழுங்கில் ஒட்டினர். அச்சின்னத்தின் தொன்மையான சமயப்பொருளை விளக்கும் குறிப்பையும் நூலில் சேர்த்தனர். மறைப்பதற்கு மாறாக விளக்கியமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஒலியும் மௌனமும்

ஜப்பானிய மொழி ஒலிக்குறிப்புச் சொற்கள் மிகுந்தது. தமிழின் இரட்டைக்கிளவிகளைப் போலவே அவை ஒலியை மட்டுமன்றி நிலையையும் உணர்த்தும். மங்காவில் முழு அமைதியைக் காட்ட ‘ஷீன்’ என்று எழுதுவர். மௌனத்துக்கும் அங்கு ஒரு சொல் உண்டு. இச்சொற்கள் குமிழுக்குள் அடங்காமல், ஓவியத்தின் பகுதியாகவே தூரிகையால் வரையப்படுகின்றன. அவற்றை அழித்து வேற்றுமொழியில் எழுதினால் பின்னணி ஓவியத்தை மீண்டும் வரைய வேண்டும். விட்டுவிட்டால் வாசகர் பொருளறியார். மூலச்சொல்லை அப்படியே நிறுத்தி, அருகில் சிறிய எழுத்தில் பொருள் தருவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

ஹிரோசிமா மக்கள் அணுகுண்டைக் குறிக்கத் தாமே ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டனர். ‘பிகா’ என்பது மின்னி வெட்டும் ஒளியையும், ‘டோன்’ என்பது வெடியோசையையும் குறிக்கும். தொலைவில் இருந்தோர் இரண்டையும் உணர்ந்தமையால் ‘பிகாடோன்’ என்றனர். அருகில் இருந்த பலருக்கு ஒளி மட்டுமே நினைவில் நின்றது; அவர்கள் ‘பிகா’ என்றனர். ஒருவர் எங்கு நின்றார், எதை இழந்தார் என்பதை அவர் வழங்கும் சொல்லே காட்டிவிடும். இதனை ‘அணுகுண்டு’ என்று மொழிபெயர்த்தால் செய்தி கிடைக்கும். பட்டவரின் அனுபவம் கிடைக்காது. அச்சொல்லை அவ்வாறே வைத்து, முதன்முறை வருமிடத்தில் விளக்குவதே பொருத்தமாகும்.

தலைப்பில் உள்ள பெயரும் இத்தகையதே. ‘கென்’ என்பதற்கு மூலம், தோற்றுவாய் என்பன பொருள். கருகிய மண்ணை வெறுங்காலால் மிதித்து நிற்கும் புதிய தலைமுறையின் வேர் என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது. பாத்திரங்கள் பேசும் ஹிரோசிமா வட்டார வழக்கும் பிறமொழியில் ஒலிப்பது அரிது. இவை மொழிபெயர்ப்பில் ஏற்படும் இயல்பான இழப்புகள். முன்னுரையும் குறிப்புரையும் இவற்றை ஓரளவே ஈடுசெய்ய இயலும்.

குருதியின் நிறம்

வன்முறைக் காட்சிகளை மாற்றாமல் அச்சிட்டால் மட்டும் அவை மாறாமல் இருந்துவிடுமா? ‘நான் பார்த்தேன்’ கதையின் ஆங்கிலப் பதிப்பு 1982இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அங்குள்ள சித்திரக்கதை இதழ்களின் வழக்கப்படி அதற்கு வண்ணம் தீட்டப்பட்டது. ஒரு கோடும் நீக்கப்படவில்லை. எனினும், கறுப்பு வெள்ளையில் நிழலாகத் தோன்றும் காயம் வண்ணம் பெறும்போது சதையாகவும் குருதியாகவும் கண்ணில் படுகிறது. வன்முறையின் அளவு கூடாமலேயே அதன் தாக்கம் வேறுபடுகிறது. தகவமைப்பு என்பது நீக்குவது மட்டுமன்று, சேர்ப்பதும் தகவமைப்பே.

மேலும், கென்னின் கதையில் இருவகை வன்முறைகள் உள்ளன. ஒன்று குண்டு விளைத்தது. மற்றொன்று அன்றாட வாழ்வில் நிகழ்வது: அமைதியை விரும்பும் தந்தையே பிள்ளைகளை ஓங்கி அறைகிறார், சிறுவர்கள் ஒருவரையொருவர் கடித்தும் உதைத்தும் சண்டையிடுகின்றனர். சிறுவர் மங்காவின் மரபில் இவை நகைச்சுவையும் விரைவும் கூட்டும் உத்திகள். அம்மரபை அறியாத அயல்நாட்டு வாசகருக்கோ, போரை வெறுப்பவர் பிள்ளைகளை அடிப்பது முரணாகத் தோன்றும். நாஜிகளின் யூத அழிப்பை ‘மவுஸ்’ என்னும் சித்திரக்கதையாக வரைந்த அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேன், கென்னின் ஆங்கிலப் பதிப்புக்கு எழுதிய முன்னுரை இத்தகைய வாசகருக்கு வழிகாட்டியாக அமைந்தது. கட்டங்களை நீக்காமலேயே வாசகரின் பார்வையைத் தெளிவிக்க முன்னுரையால் இயலும்.

மறைப்பதா, துணைநிற்பதா?

வன்முறையை எவ்வளவு காட்டலாம் என்னும் வினா அயல்நாடுகளில் மட்டும் எழவில்லை. 2012 டிசம்பரில், ஜப்பானின் மாட்சுவே நகரக் கல்வித்துறை, மாணவர்கள் தாமாக எடுத்துப் படிக்க இயலாதவாறு ‘வெறுங்கால் கென்’ நூலை நூலகத்தின் உள்ளறையில் வைக்குமாறு தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படையினர் இழைத்த கொடுமைகளைக் காட்டும் பகுதிகள் சிறுவருக்கு மிகக் கடுமையானவை என்பது கூறப்பட்ட காரணம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இச்செய்தி வெளியானபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாதமே அக்கட்டுப்பாடு திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்வு கூர்ந்து நோக்கத்தக்கது. குண்டால் ஜப்பானியர் பட்ட துன்பம் அன்று முதன்மையான விவாதம் ஆகவில்லை. ஜப்பானியர் பிறர்க்கு இழைத்த துன்பமே விவாதப்பொருள் ஆயிற்று. நகசவா இரண்டையும் வரைந்தார். பட்ட துன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இழைத்த துன்பத்தை நீக்கினால், வன்முறை குறையும். ஆனால் அது வேறொரு கதையாகிவிடும். சிறுவரின் நலன் கருதிச் செய்யப்படும் நீக்கம், சில நேரங்களில் பெரியோரின் மனச்சான்றைக் காப்பதற்கே பயன்படுகிறது.

2023இல் ஹிரோசிமா நகரிலேயே, பள்ளிகளுக்கான அமைதிக்கல்விப் பாடநூலிலிருந்து இக்கதையின் பகுதிகள் நீக்கப்பட்டன. நோயுற்ற தாய்க்காகக் கென் பிறர் வீட்டுக் குளத்தில் மீன் திருடும் காட்சி முதலியவற்றின் பின்னணியை இன்றைய சிறுவர்க்குப் புரியவைப்பது கடினம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. தம் ஊரில், தம் மொழியில் எழுதப்பட்ட கதையே தமக்கு விளங்காத அளவுக்குச் சிறுவர்கள் அக்காலத்திலிருந்து விலகிவிட்டனர் என்பது இதன் பொருள். இடம் மட்டுமன்றிக் காலமும் வாசகரை அயலாராக்கும். அயலாருக்குக் கதையைக் கொண்டுசேர்க்க மொழிபெயர்ப்பாளர் தேடும் விளக்கங்கள், இனித் தாய்மொழி வாசகருக்கும் தேவைப்படும்.

எல்லா வன்முறையும் எல்லா வயதினர்க்கும் உரியதன்று என்பதும் உண்மையே. கேளிக்கைக்காகக் குருதியைக் கொட்டும் மங்காக்களும் உண்டு. இதற்குப் பதிப்பாளர்கள் கண்ட வழி, அட்டையில் வயதைக் குறிப்பதாகும். பதின்பருவத்தினர், 16 வயதுக்கு மேற்பட்டோர், 18 வயதுக்கு மேற்பட்டோர் என நூல்கள் பிரிக்கப்படுகின்றன. இம்முறை படைப்பை வாசகருக்கேற்ப வெட்டுவதில்லை. படைப்பிற்கேற்ற வாசகரைத் தேடுகிறது. இளம் வயதினர் கடுமையான நூலொன்றைப் படிக்கும்போது ஆசிரியரோ பெற்றோரோ உடனிருந்து உரையாடுவது அதனினும் சிறந்த காப்பாகும்.

அளவுகோல் எது?

தொல்காப்பியர் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்தார். முதல்நூலின் வழியில் செல்வதே வழிநூல். வழியில் உள்ள தடைகளை நீக்குதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. சேருமிடத்தை மாற்றுதல் அவர் உரிமையன்று. இக்கருத்தைக் கொண்டு நோக்கின், மேற்கண்ட மாற்றங்கள் தாமே இருபிரிவாகப் பிரிவதைக் காணலாம்.

படிக்கும் திசை, எழுத்தின் அமைப்பு, ஒலிக்குறிப்பு, வழக்கங்கள் ஆகியவை வாசகருக்கும் கதைக்கும் இடையே நிற்பவை. அவற்றை மாற்றலாம், விளக்கலாம், வாசகர் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். உரிந்து தொங்கும் தோலும், தீயில் சிக்கிய தந்தையின் குரலும் கதைக்கு வெளியே இல்லை, அவையே கதை. அவற்றை நீக்கினால் வாசகர் துன்பமின்றிப் படிப்பார். ஆனால் ஹிரோசிமாவில் என்ன நிகழ்ந்தது என்பதை அறியமாட்டார். ஒரு காட்சி நம்மை வருத்துகிறது என்பது அதனை நீக்கப் போதிய காரணமன்று. அவ்வருத்தம் கேளிக்கைக்காகத் தூண்டப்பட்டதா, நிகழ்ந்ததை அறியும் பொருட்டு எழுந்ததா என்று கேட்டறிதல் வேண்டும்.

கண்டதைக் குறைத்து வரைந்தவர் நகசவா. அவர் குறைத்தபின் எஞ்சிய சாட்சியமே நம் கைகளுக்கு வந்துள்ளது. அதனை மேலும் குறையாமல் அடுத்த மொழிக்கும் அடுத்த தலைமுறைக்கும் கொண்டுசேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும். முகம் திருப்பாமல் படிப்பது வாசகரின் பொறுப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த தமிழ்ச் சித்திரக்கதை ஒன்றின் இரு பக்கங்களைக் கண்ணாடியில் நோக்குக. இடவலம் மாறும்போது பொருள் திரியும் இடங்களைப் பட்டியலிடுக.

2. ‘சலசல’, ‘படபட’, ‘திடுதிடு’ போன்ற இரட்டைக்கிளவிகள் பத்தினைத் தொகுத்து, அவற்றை வேறொரு மொழியில் உணர்த்தும் வழிகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘துன்பக் காட்சிகளை மறைப்பது சிறுவரைக் காக்கும், விளக்கிக் காட்டுவதே காக்கும்’ – இவ்விரு கருத்துகளை முன்வைத்துச் சொற்போர் நிகழ்த்துக.